சிட்டக்கல்

குமரகுருவுக்குத் தறிக்குழியில் ஒரு மணி நேரம் சேர்ந்தாற்போல் உட்கார வராது. கை ஊடை நூல் ஓட்டும் நாடாவைத் தள்ளிக்கொண்டிருக்கும், மனசு எங்கோ ஆற்றங்கரையில் கல் பொறுக்கிக்கொண்டிருக்கும். முப்பத்தெட்டு வயது, பிள்ளையார்பாளையத்தில் சொந்தத் தறி. அவன் நெய்த சேலையில் பழுது சொன்னவர் கிடையாது. ஆனால் எந்நேரமும் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவன் மாதிரிதான் இருப்பான். சினிமாவுக்குப் போனால் இடைவேளையிலேயே திரும்பிவிடுவான். யாராவது ஒரு விஷயத்தைச் சொல்ல ஆரம்பித்தால், மீதியைத் தானே ஊகித்துக்கொண்டு "சரி சரி, புரிஞ்சிப்போச்சு" என்று கிளம்பிவிடுவான். கல்யாண மேடையில் முதல் முடிச்சைப் போட்ட கையோடு எழுந்திருக்கப் பார்த்தவரைத் தோளைப் பிடித்து உட்கார வைத்தார்கள் என்று அவன் மனைவி சங்கீதா இன்றைக்கும் சொல்லிக் காட்டுவாள்.

கல் பைத்தியம் பிடித்து ஐந்து வருடம் ஆகிறது. தெருவில் கால்வாய் தோண்ட ஜேசிபி வந்தபோது, மண்ணோடு ஒரு பளிங்குக் கல் புரண்டு வந்தது. அதை எடுக்க இவன் ஓடினான். ஜேசிபி ஓட்டிய கிறிஸ்டோபரும் வண்டியை நிறுத்திவிட்டு அதற்காகவே இறங்கினான். இருவரும் குந்தி உட்கார்ந்து கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். பின்னால் ஹாரன் அடித்த வண்டிகளைப் பற்றி இரண்டு பேருக்குமே கவலையில்லை. அன்று பிடித்த சிநேகம். கிறிஸ்டோபர் மாதா கோயிலில் பூசை முடிந்து வந்ததும் ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் ஒரே பைக்கில் கிளம்பிவிடுவார்கள். சங்கீதாவின் பரண் முழுக்கக் கல். பாத்திரம் எடுக்க ஏணி போட்டால் தலையில் விழாமல் இருக்க முருகனை வேண்டிக்கொள்வாள்.

மாசி மாதத்தில் ஒரு ஞாயிறு கிறிஸ்டோபர் தன் ஊருக்கே கூட்டிக்கொண்டு போனான். மாகறலைத் தாண்டி உள்ளே போகிற ஒரு சின்ன ஊர். ஏரிக்கரைக்குக் கீழே முள் மண்டிய ஒரு மேடு. சிறுவயதில் அங்கே விளையாடிக் காலைக் கிழித்துக்கொண்டதாகச் சொன்னான். குமரகுரு முள்ளை விலக்கி உள்ளே போனவன் அப்படியே நின்றுவிட்டான். மேடு முழுக்கக் கருப்புக் கற்கள். உடைந்த பக்கமெல்லாம் கண்ணாடி மாதிரி பளபளத்தன. ஒன்றை எடுத்தான், விளிம்பு கட்டைவிரலைக் கீறியது. ரத்தம் வருவதைப் பார்த்துச் சிரித்த மனிதனை அன்றுதான் பார்த்தேன் என்று கிறிஸ்டோபர் பிறகு சங்கீதாவிடம் சொன்னான்.

அன்றிலிருந்து பிடித்தது சனி. அந்தக் கல் என்ன கல் என்று தெரியாமல் குமரகுருவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. முதல் வாரம் அது எரிமலைக் கண்ணாடி. எரிமலைக் குழம்பு சட்டென்று ஆறினால் இப்படி உறையும் என்று யூடியூபில் பார்த்துவிட்டு, பால் வாங்கப் போன இடத்தில் நின்றவர்களிடமெல்லாம் நம்ம ஜில்லாவிலும் எரிமலை இருந்திருக்கிறது என்றான். அடுத்த வாரம் அது வானத்திலிருந்து விழுந்த கல். அதற்கடுத்த வாரம் தங்கம் உரசிப் பார்க்கிற உரைகல். ஜரிகைத் துண்டை எடுத்து உரசினான், வழுக்கிக்கொண்டு போனதே தவிர ஒரு கோடுகூட விழவில்லை. பாட்டிலில் கீறிப் பார்த்தான், பாட்டிலில் கோடு விழுந்தது. ஓட்டின் பின்பக்கம் தேய்த்தான், நிறம் ஒட்டவில்லை. சேலையில் இழை எண்ண வைத்திருக்கும் சின்ன லென்ஸால் பார்த்தபோது உள்ளே குட்டிக் குட்டிக் குமிழிகள் தெரிந்தன. தறியில் பாதிச் சேலை அப்படியே நின்றது. கல்லோடு குடும்பம் நடத்துகிறவருக்கு நான் எதற்கு என்று சங்கீதா கேட்டாள். அதையும் அவன் முழுக்கக் கேட்கவில்லை.

கல் ஆர்வலர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றில் படம் போட்டான். சேலத்தில் ஒரு கல்லூரியில் மண்ணியல் நடத்தி ஓய்வு பெற்ற ராமராஜன் என்பவர் நான்கு நிமிடத்துக்குக் குரல் பதிவு அனுப்பினார். குமரகுரு அதை இரண்டு மடங்கு வேகத்தில் ஓட விட்டான். எரிமலைக் கண்ணாடி இந்தப் பக்கம் கிடைப்பதாகத் தான் கேள்விப்பட்டதில்லை, விண்கல்லும் சாதாரணமாக இப்படிக் கண்ணாடியாக இருக்காது, இது மனிதன் கை பட்ட பொருளாக இருக்கலாம் என்று அவர் நிதானமாகச் சொல்லிக்கொண்டு வந்தார். 'மனிதன் கை பட்ட பொருள்' என்றதுமே இவன் போனை மூடிப் பையில் போட்டுக்கொண்டான். மீதி மூன்று நிமிடம் யாருக்கு வேண்டும்?

அந்த ஞாயிறே கிறிஸ்டோபரின் வீட்டுக்குப் போனான். கிறிஸ்டோபர் டீசல் போடப் போயிருந்தான். அவன் அம்மா கங்கையம்மாள் வாசலில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கையகல நிலம் இல்லாமல் அடுத்தவர் வயலிலும் செங்கல் சூளையிலும் உழைத்துப் பிள்ளையை ஆளாக்கியவள். குமரகுரு கல்லை நீட்டினான். அவள் கையில்கூட வாங்கவில்லை. ஒரே பார்வைதான்.

"இது சிட்டக்கல்லுபா" என்றாள்.

சிட்டம் என்றால் பிள்ளையார்பாளையத்தில் எந்தக் குழந்தைக்கும் தெரியும். பட்டு நூலை வளையமாகச் சுற்றி முறுக்கிக் கட்டியதுதான் சிட்டம். அந்த ஒரு சொல்லைக் கேட்டதும் குமரகுருவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கங்கையம்மாள் "எங்க மாமனாரு காலத்துல..." என்று ஏதோ தொடங்கினாள். அதற்குள் இவன் பைக்கை உதைத்துவிட்டான்.

வீட்டுக்கு வந்து, மேட்டிலிருந்து அள்ளி வந்திருந்த கற்களைப் பரப்பினான். இப்போது எல்லாமே வேறு மாதிரி தெரிந்தது. ஏழெட்டுக் கற்களில் ஓட்டை இருந்தது, விரல் நுழையும் அளவுக்கு உருண்டையான ஓட்டை. மேற்பரப்பில் கயிறு உராய்ந்த தடம் போல வரிவரியாகக் கோடுகள். சாயம் போட்ட சிட்டத்தை மூங்கிலில் உலர்த்தும்போது நூல் சுருண்டுகொள்ளாமல் இருக்க அடியில் ஏதாவது கனம் தொங்கவிட வேண்டும். அதற்குத்தான் இந்தக் கல். ஓட்டை கயிறு கோப்பதற்கு, வரி நூல் பட்டுப் பட்டுத் தேய்ந்தது. அப்படியென்றால் அந்த மேட்டில் ஒரு காலத்தில் சாயப்பட்டறை இருந்திருக்கிறது, தறி இருந்திருக்கிறது, தன் முன்னோர் இருந்திருக்கிறார்கள். வேறு யாருக்கும் இப்படித் தோன்றியிருக்காது. நெசவாளிக்குத்தான் தோன்றும், தோன்றியும் விட்டது.

நெசவாளர் சங்கத் தலைவர் சபாபதி விஷயத்தைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார். பங்குனி உத்திரக் கூட்டம் ஓய்ந்த பிறகு சங்கக் கட்டடத்தில் பழம்பொருள் கண்காட்சி வைப்பதாக ஏற்கெனவே இருந்தது. இதற்காகத் தனி மேஜை ஒதுக்கினார். 'மாகறல் அருகே நம் முன்னோர் வாழ்ந்த நெசவு மேடு' என்று நோட்டீஸ் அடித்தார். கண்காட்சியில் தீர்மானம் போட்டு, அந்த ஊர்ப் பஞ்சாயத்தில் மனுக் கொடுத்து, மேட்டில் 'நெசவாளர் மேடு' என்று பலகை நட ஏற்பாடு. பலகைக்கு எழுத்துக்கூட எழுதியாகிவிட்டது. கூட்டத்தில் குமரகுருதான் பேச வேண்டும். வாழ்க்கையில் முதல் தடவையாகத் தெருவில் அவனை அவசரக்குடுக்கை என்று சொல்லாமல் ஆராய்ச்சியாளர் என்றார்கள். அவனுக்கு வாயெல்லாம் பல்.

கண்காட்சிக்கு இரண்டு நாள் முன்னால் நோட்டீஸைக் கிறிஸ்டோபரிடம் கொடுத்தான். முன்வரிசையில் உட்கார வேண்டும், கண்டுபிடித்ததில் உனக்கும் பங்கு இருக்கிறது என்றான். கிறிஸ்டோபர் அதை ஜேசிபி சக்கரத்தில் சாய்ந்துகொண்டு படித்தான். மறுபடி படித்தான். அம்மாவிடம் கேட்டாயா என்றான். கேட்டேனே, அவர்கள் சொல்லித்தானே எனக்கே தெரியும் என்று இவன் பெருமையாகச் சொன்னான்.

"அப்போ எங்க ஊரு மேடும் உங்களுதுதானா?" என்றான் கிறிஸ்டோபர்.

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். ஆனால் குமரகுருவால் அந்தச் சிரிப்பைத் தாண்டிப் போக முடியவில்லை. வீட்டுக்கு வந்தான், தறியில் உட்கார்ந்தான், எழுந்தான், தண்ணீர் குடித்தான், மறுபடி உட்கார்ந்தான். ஊடை இழை இரண்டு தடவை அறுந்தது. என்ன குறைகிறது என்று அவனுக்குப் பிடிபடவில்லை. குறுக்கும் நெடுக்குமாக நடந்துவிட்டு, மறுநாள் காலை, பேசும்போது ராமராஜன் சார் சொன்னதையும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளலாம் என்று அந்தக் குரல் பதிவை முதலிலிருந்து போட்டான். இந்தத் தடவை சாதாரண வேகத்தில்.

மீதி மூன்று நிமிடம் இருந்தது அல்லவா, அதில்தான் எல்லாம் இருந்தது. மனிதன் கை பட்ட பொருள் என்றால் செய்த பொருள் என்று அர்த்தமில்லை, இரும்பு உருக்கும்போது கழிவாக வழிந்ததாக இருக்கலாம் என்றார் அவர். உலையிலிருந்து குழம்பாக ஓடி ஆறுவதால் மேலே வரிவரியாக மடிப்பு விழும், உள்ளே காற்று அடைபட்டுக் குமிழி வரும், சில சமயம் ஓட்டையே விழும் என்றார். எதையும் முடிவு செய்வதற்கு முன்னால் தயவுசெய்து காந்தம் வைத்துப் பாருங்கள், அந்த ஊர்ப் பெரியவர்களை உட்கார வைத்து விசாரியுங்கள் என்று முடித்திருந்தார்.

ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த காந்தத்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடினான். நூலில் கட்டித் தொங்கவிட்டு ஓட்டைக் கல்லுக்குப் பக்கத்தில் கொண்டுபோனான். காந்தம் லேசாகச் சாய்ந்து போய் ஒட்டிக்கொண்டது. அடுத்த கல்லிலும் ஒட்டியது. அதற்கடுத்ததிலும். அவமானமும் பயமும் சேர்ந்து வந்தன, எது முதலில் வந்தது என்று அவனுக்கே தெரியாது.

உச்சி வெயிலில் பைக்கை எடுத்துக்கொண்டு போனான். கங்கையம்மாள் நூறு நாள் வேலைக்குப் போயிருந்தாள். வீட்டு வாசலில் கிடந்த கட்டிலில் உட்கார்ந்தான். இரண்டு தடவை பைக் வரைக்கும் போய்த் திரும்பினான். நாளைக்குக் கூட்டம். இன்றைக்கு இந்த அம்மாளைப் பார்க்காமல் போனால் நாளைக்கு என்ன பேசுவது? ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தான், அவன் ஆயுளில் அதுதான் அதிகம். மண் படிந்த சேலையோடு அவள் வந்து சேர்ந்தாள். தூக்குவாளியைக் கீழே வைத்துவிட்டு, சாப்பிட்டியாப்பா என்றாள். அதற்குப் பதில் சொல்லாமல் சிட்டக்கல் என்றால் என்னம்மா என்று கேட்டான்.

"இரும்பு உருக்கறப்போ வழியுமே அழுக்கு, அதாம்பா சிட்டம்" என்றாள் அவள். "சூளையில அதிகமா வெந்து கண்ணாடியா உருகிப்போன செங்கல்லுக்கும் அதே பேருதான். நான் அன்னிக்கே சொல்ல வந்தேன். நீ பாதியிலயே கெளம்பிப் பூட்ட."

பிறகு சொன்னாள். அவள் மாமனாருக்கு அவருடைய தாத்தா சொன்னது. அந்த மேட்டில் வரிசையாக உலை இருந்ததாம். தோல் துருத்தி வைத்து ஆணும் பெண்ணும் மாற்றி மாற்றி ஊதுவார்களாம். ஏரிக்கரைச் செம்மண்ணிலும் ஆற்றுக் கருமணலிலும் இருந்து இரும்பு எடுத்தார்களாம். பிறகு அந்த வேலை நின்றுபோய், நிலமும் இல்லாமல், எல்லோரும் அடுத்தவர் வயலில் இறங்கிவிட்டார்கள். இவ்வளவுதான் அவளுக்குத் தெரியும். குமரகுரு இந்தத் தடவை குறுக்கே பேசவில்லை.

நோட்டீஸைப் பற்றி அவளே எடுத்தாள். பேத்தி ஜோதிகா நர்ஸிங் படிக்கிறவள், அவள் படித்துக் காட்டியதாம். குமரகுரு தலையைத் தொங்கப் போட்டான்.

"பரவால்ல, வச்சிக்கோங்க" என்றாள் கங்கையம்மாள். "உங்க பேரு போட்டாலாவது அந்த மேட்டை மண்ணுக்காக யாரும் வெட்டாம வுடுவாங்க. எங்க பேரச் சொன்னா எவன் நிப்பான்?"

திட்டியிருந்தால்கூட அவனுக்கு இவ்வளவு வலித்திருக்காது. திரும்பி வருகிற வழியெல்லாம் அந்தப் 'பரவால்ல'தான் காதில் கேட்டது.

நேராகச் சபாபதியிடம் போய்ச் சொன்னான். அவர் முகம் மாறாமல் கேட்டுவிட்டு, இது உனக்கும் எனக்கும் அந்த அம்மாளுக்கும் தவிர யாருக்குத் தெரியும் என்றார். அவர்களே பரவாயில்லை என்கிறார்கள், உனக்கு என்ன வந்தது என்றார். வெளியூரிலிருந்து ஆள் வருகிறது, சங்கத்துக்குப் பெயர் கெட்டால் அது உன்னால்தான் என்றும் சொன்னார். பலகை நட்டுவிட்டால் மேடு பிழைக்கும் என்ற நியாயத்தையும் அவரே கண்டுபிடித்துக் கொடுத்தார். அதில் உண்மை இல்லாமலும் இல்லை. அதுதான் குமரகுருவை வதைத்தது. சொன்னால் தெருவில் தலை காட்ட முடியாது, மேட்டுக்கும் பலகை கிடைக்காது. சொல்லாவிட்டால் கிறிஸ்டோபரின் முகத்தில் விழிக்க முடியாது. வீட்டில் சங்கீதாவிடம் கொட்டினான். அவள் சோற்றைப் போட்டுவிட்டு, நீங்கள் எப்படியும் நடுவில் எழுந்து ஓடுகிற ஆள், நாளைக்காவது முழுசாகப் பேசிவிட்டு ஓடுங்கள் என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குச் சங்கக் கட்டடம் நிரம்பிவிட்டது. மேஜைகளில் பழைய தறி அச்சு, பழைய நாடா, இழை வெட்டும் கத்தரி, பூட்டு வைத்த பெட்டி, பழுப்பேறிய படங்கள். நடுவில் வெல்வெட் துணி விரித்து அதன்மேல் கருப்புக் கற்கள். கிறிஸ்டோபர் முன்வரிசையில் வெள்ளைச் சட்டையோடு உட்கார்ந்திருந்தான். கங்கையம்மாளும் ஜோதிகாவும் பின்னால் சுவரோரமாக நின்றிருந்தார்கள். நாற்காலி காலியாகத்தான் இருந்தது, யாரும் உட்காரச் சொல்லவில்லை.

குமரகுரு மைக்கைப் பிடித்தான். நோட்டீஸில் இருப்பது தப்பு என்று முதல் வார்த்தையிலேயே போட்டு உடைத்தான். இது சிட்டம் தொங்கவிட்ட கல் இல்லை, ஒரு அம்மா சொன்ன ஒரு சொல்லைப் பாதியில் கேட்டுவிட்டு நான் ஓடி வந்ததால் வந்த வினை என்றான். காந்தத்தை எடுத்துக் காட்டினான். ஓட்டை கயிறு கோக்க அல்ல, வரி நூல் தேய்த்தது அல்ல என்று ஒவ்வொன்றாகச் சொன்னான். அந்த மேடு நம் முன்னோருடையது இல்லை, கிறிஸ்டோபரின் முன்னோர் இரும்பு உருக்கிய இடம் என்றான். சபாபதியின் முகம் சுண்டிப் போயிற்று. சொல்லி முடித்துவிடுகிற வேகத்தில் குமரகுரு கடைசியாக, "இதெல்லாம் வெறும் கழிவுங்க, உலையில இருந்து வெளிய தள்ளின குப்பை" என்றான்.

கூட்டத்தில் யாரோ, அப்படியென்றால் பலகையில் குப்பைமேடு என்று எழுதிவிடலாமே என்றார்கள். கொல்லென்று சிரிப்பு எழுந்தது. சபாபதிகூடச் சிரித்தார், தப்பித்தோம் என்கிற சிரிப்பு. கிறிஸ்டோபர் சிரிக்கவில்லை. நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தான். நல்லது செய்யப் போய் அவனைக் கூட்டத்துக்கு நடுவில் சிரிப்பாய்ச் சிரிக்க வைத்துவிட்டோம் என்று குமரகுருவுக்கு அப்போதுதான் உறைத்தது. மைக்கை வைத்துவிட்டு வாசல் பக்கம் ஓடிவிடலாம் போல இருந்தது. கால் அந்தப் பக்கம் திரும்பியும்விட்டது.

பின்னாலிருந்து கங்கையம்மாள் நடந்து வந்தாள். கூட்டம் வழி விட்டது. மைக் பக்கம் அவள் போகவில்லை, மேஜைக்கு முன்னால் வந்து நின்று ஒரு கல்லைக் கையில் எடுத்தாள். சூளையில் நாலு பேருக்குக் கேட்கப் பேசிப் பழகிய குரல் அது.

"குப்பைதான், யாரு இல்லன்னாங்க" என்றாள். "குப்பை இங்க கீது. மேடு மேடா கீது. அவ்ளோ குப்பை கொட்டி எடுத்த இரும்பு எங்க போச்சு? அத யாராச்சும் சொல்லுங்க."

சிரிப்பு நின்றுவிட்டது. குமரகுருவின் கண் மேஜைமேல் போயிற்று. கல்லுக்குப் பக்கத்தில் இருந்த பழைய நாடாக்களின் இரண்டு முனையிலும் இரும்பு மூக்கு இருந்தது. கத்தரி இரும்பு. பெட்டிப்பூட்டு இரும்பு. அவன் இப்போது எதையும் ஊகிக்கத் துணியவில்லை. மேடையை விட்டு இறங்கி அவளிடம் வந்து மைக்கை நீட்டினான்.

"நீங்களே சொல்லுங்கம்மா, எங்க போச்சு?"

கங்கையம்மாள் மைக்கைப் பார்க்காமல் அவனைப் பார்த்தாள்.

"அது தெரிஞ்சா நான் ஏம்பா உங்களக் கேக்கறேன்?" என்றாள்.